எந்த மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்?

சென்னை வரலாற்றுக் கண்காட்சிக் குழுவினருக்கு,

பதினொன்றாம் பலகையைப் பற்றித்தான் இந்த மடல். மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் பிட்டின் பலகை. சுருள் சுருளாகப் பொய்முடி வைத்த ஒரு மனிதரின் படம், பக்கத்தில் பல்லிளிக்கும் வைரத்தின் கார்ட்டூன், கீழே ஒன்பது வரிகள். என் ஏழாம் வகுப்புப் பேத்தி அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். “இங்கிலாந்து மக்களால் நாடாளுமன்றத்துக்குப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர்” என்ற வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்து, “பாட்டி, எந்த ஊர் மக்கள்?” என்று கேட்டாள். பலகையில் ஊர்ப் பெயர் இல்லை.

அன்றைக்கே உங்கள் வருகையாளர் நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதிவைத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து உங்கள் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், பொதுமக்களுக்கு இவ்வளவு போதும். டீடெயில் போட்டா யாரும் நின்னு படிக்க மாட்டாங்க” என்றார். சரி, ஒரு வாரத்துக்கு வைத்துக் கழற்றுகிற பலகைதானே என்று நானும் விட்டுவிட்டேன். போன வாரம்தான் தெரிந்தது, அந்தப் பலகைகளை அப்படியே கையேடாக அச்சடித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று. பலகை ஒரு வாரத்தில் இறங்கிவிடும். கையேடு பிள்ளைகளின் பையில் போகும், வினாடி வினாவில் கேள்வியாக வரும், அடுத்த பதினைந்து வருடத்துக்கு அதைப் பார்த்துப் பேச்சுப்போட்டிக்கு எழுதிக் கொடுப்பார்கள். 31 வருடம் வடசென்னையில் வரலாறு நடத்தியவள் நான். ஒரு தப்பு எப்படிப் பரவும் என்பதைப் பரீட்சைத் தாள் திருத்தித் திருத்தியே தெரிந்துகொண்டேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

பேத்தியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஊரின் பெயர் ஓல்டு சாரம். என் வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் சிரிப்பார்கள். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரமா டீச்சர் என்பான் ஒருத்தன். சாரமே இல்லாத சாரம் என்று நான் சொல்வேன். இங்கிலாந்தின் வில்ட்‌ஷயரில், சாலிஸ்பரி நகரத்துக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிற மண்மேடு அது. ஒரு காலத்தில் கோட்டையும் பேராலயமும் அங்கேதான் இருந்தன. காற்றும் தண்ணீர்ப் பஞ்சமும் தாங்காமல், கோட்டைக்காரர்களோடு சண்டையும் சேர்ந்து, பாதிரிமார் கீழே இறங்கிவந்து 1220இல் புதுப் பேராலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். ஊரும் அவர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டது. மேட்டில் மிஞ்சியது புல். ஆனால் அந்தப் புல்லுக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள் இருந்தன, 1832 வரை.

என் மகள் அந்தப் பக்கம் வேலை பார்க்கிறாள். நான்கு வருடம் முன்னால் அவளோடு போய்ப் பார்த்தேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு மரப்பாலத்தைக் கடந்து உள்ளே போனால், இடிந்த சுவரின் உள்வயிற்றிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் சக்கிமுக்கிக் கற்சில்லுகள். வெளிவட்டத்தில் தரையோடு தரையாகப் பழைய ஆலயத்தின் கோடு. சரிவில் ஆடுகள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது, அப்படி ஒரு காற்று. கீழே தூரத்தில் சாலிஸ்பரி ஆலயத்தின் ஊசிக் கோபுரம் தெரிந்தது. “இங்கதான் ஓட்டுப் போட்டாங்களாம்மா?” என்று மகள் கேட்டாள். இங்கேகூட இல்லை. மேட்டுக்குக் கீழே ஒரு வயலில், ஒரு எல்ம் மரத்தடியில் தேர்தல் நடக்கும். வாக்குரிமை ஆளுக்கு இல்லை, குறிப்பிட்ட மனைக்கட்டுகளுக்குத்தான். மனை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. மனைகளை எல்லாம் ஒருவரே வாங்கிவிட்டால், தேர்தல் நேரத்தில் தனக்கு வேண்டிய நாலு பேர் பெயருக்கு அவற்றை மாற்றிக் கொடுத்தால் போதும். அவர்கள் மரத்தடிக்கு வந்து சொன்ன பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். வாக்காளர் தொகை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அங்கே குடியிருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அந்த ஊரை 1691இல் சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். ஊரை வாங்கியவர் இரண்டு நாடாளுமன்ற இடங்களையும் சேர்த்து வாங்கினார். இதைத்தான் உங்கள் பலகை “மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்” என்கிறது. தேர்ந்தெடுத்த மக்களைக் காட்டச் சொல்லி என் பேத்தி கேட்டால், நான் ஆடுகளைத்தான் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தில் நானும் நேர்மையாக இருக்க வேண்டும். பிட் நம் மதராஸ் பணத்தில்தான் தொகுதியை வாங்கினார் என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். தப்பு. மதராஸ் கவர்னராக அவர் வந்திறங்கியது 1698 ஜூலையில். தொகுதியை வாங்கியது அதற்கு ஏழு வருடம் முன்பே. அது வங்கக் கரையில் சம்பாதித்த பணம். டார்செட்டில் பிளாண்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு பாதிரியாருக்கு மகனாக 1653இல் பிறந்தவர், இருபது வயதைத் தாண்டிய கையோடு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வந்து, பாலசோரில் இறங்கி, அப்படியே நழுவிவிட்டார். கீழ்த்திசை வியாபாரம் முழுக்கத் தனக்கே என்று கம்பெனி அரச சாசனம் வைத்திருந்த காலம். அதை மீறித் தனியாக வியாபாரம் செய்தவர்களைக் கம்பெனிக்காரர்கள் ‘இன்டர்லோப்பர்’ என்று வைதார்கள். நம் பேச்சில் சொன்னால் திருட்டு வியாபாரி. பிட் அதில் கெட்டிக்காரர். கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டது, 1000 பவுண்டு அபராதம் விதிக்க வைத்தது. அது பிறகு 400 பவுண்டாகக் குறைந்தது. அவர் அசரவில்லை. 1689இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார், 1695இல் தன் சொந்த ஓல்டு சாரத்துக்கே உறுப்பினரானார், நடுவில் மறுபடி கப்பலேறிப் போய்க் கம்பெனியின் மூக்கின் கீழேயே வியாபாரமும் செய்தார். அடித்துத் துரத்த முடியாதவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பதே மேல் என்று கம்பெனிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவரையே ஜார்ஜ் கோட்டைக்குத் தலைவராக அனுப்பினார்கள்.

நாடாளுமன்ற இடம் அவருக்கு எதற்கு? கம்பெனியின் ஏகபோகம் நிலைப்பதும் போவதும் அந்தச் சபையில்தான் முடிவாகும். உள்ளே ஒரு நாற்காலி இருப்பவரைத் தொடுவதற்கு வெளியே இருப்பவர்கள் யோசிப்பார்கள். இதைச் சொல்லாமல் “அரசியல்வாதியாகவும் திகழ்ந்தார்” என்று எழுதினால், ஏதோ ஓய்வு நேரத்தில் வீணை வாசித்தார் என்கிற மாதிரி இருக்கிறது.

வைரத்துக்கு வருகிறேன். பலகையில் பாதி இடத்தை அதற்குத்தான் கொடுத்திருக்கிறீர்கள். “அடிமை ஒருவன் தன் காலைக் கீறி, காயத்துக்குள் மறைத்துக் கொண்டுவந்த வைரம்” என்று. அது கதை. ஆங்கிலேயக் கப்பல் தலைவன் அந்த அடிமையைக் கொன்றுவிட்டு வைரத்தை விற்றான் என்றும் கதை தொடரும். கதையைக் கதை என்று போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் நடந்ததைப் போலப் போட்டிருக்கிறீர்கள். நமக்குக் கிடைக்கிற சாட்சி பிட் தாமே சத்தியம் செய்து எழுதிவைத்த வாக்குமூலம். ஊர் திரும்பும் வழியில், 1710 ஜூலையில், நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் இருந்தபோது எழுதியது. வைரத்தை ஏமாற்றிப் பிடுங்கினார் என்று பேச்சு அடிபட்டதால்தான் அதை எழுத வேண்டி வந்தது. அப்படியும் பேச்சு அடங்கவில்லை. அவர் செத்த பிறகும் கவிஞர் அலெக்சாண்டர் போப் அதைக் குத்திக்காட்டி அங்கதமாக எழுதினார்.

அந்த வாக்குமூலத்தில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது, என் வகுப்பில் நான் வருடா வருடம் எடுத்துக் காட்டுவது. 1701 டிசம்பரில் ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி கிருஷ்ணை நதிக்கரைச் சுரங்கப் பக்கமிருந்து மதராசுக்கு ஒரு பட்டை தீட்டாத கல்லைக் கொண்டுவந்தார். அதன் எடை சுமார் 305 ‘மாஞ்செலின்’ என்று பிட் எழுதுகிறார். அது வேறொன்றுமில்லை, நம் மஞ்சாடி. பல்லாங்குழி ஆட வைத்திருக்கிற சிவப்பு விதை. ஒரு வருடம் பிள்ளைகளை ஆளுக்குக் கொஞ்சம் மஞ்சாடி கொண்டுவரச் சொல்லி, 305 எண்ணி, தெருமுனை நகைக்கடைக்காரரின் தராசில் போட்டுப் பார்த்தோம். 78 கிராம் காட்டியது. ஆங்கிலக் கணக்கில் அந்தக் கல் 410 காரட், அதாவது 80 கிராமுக்குச் சற்று மேல். முந்நூறு வருடம் முன்னால் கோட்டையில் கவர்னர் மேசையில் வைத்த கல்லின் கனத்தை, காகிதப் பொட்டலத்தில் மடித்து ஒவ்வொரு பிள்ளையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தது. அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் மஞ்சாடியைத்தான் சொல்வார்கள். டீடெயில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.

ஜாம்சந்த் முதலில் கேட்டது 2,00,000 வராகன். இழுபறிப் பேரம். கடைசியில் 48,000 வராகனுக்கு முடிந்தது. இங்கிலாந்துப் பணத்தில் 20,400 பவுண்டு. கவர்னருக்குக் கம்பெனி கொடுத்த ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுண்டுதான். மீதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்துகொள்ளக் கம்பெனி அனுமதித்திருந்தது. கவர்னர் பதவியின் ருசியே அதில்தான். கல்லைத் தன் மூத்த மகன் ராபர்ட்டிடம் கொடுத்து 1702இல் லண்டனுக்கு அனுப்பினார். அங்கே இரண்டு வருடம் போல அறுத்து, தீட்டி, 140 காரட்டுக்கு வந்தது. 1717இல் பிரான்சின் ஆட்சிக் காவலராக இருந்த ஆர்லியான் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். இப்போது அது பாரிசில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தப் பணம் எங்கே போனது என்பதைத்தான் பலகை முழுங்கிவிட்டது. நிலமாகப் போனது. கார்ன்வாலில் போகோனக் என்ற பெரிய பண்ணையை ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கினார், பெர்க்‌ஷயரில் ஸ்வாலோஃபீல்டை வாங்கினார், இன்னும் வாங்கினார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிலம் என்றால் வெறும் நிலம் இல்லை, பக்கத்துத் தொகுதியின் மேல் பிடி. மகன் ராபர்ட் 1705இல் ஓல்டு சாரம் உறுப்பினர். கவனியுங்கள், அப்பா அப்போது இங்கே கோட்டையில் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், அந்தக் கடிதங்களில் மகனையும் மனைவியையும் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் மேட்டுத் தொகுதி கைமாறவில்லை. 1722 தேர்தலில் அப்பா ஓல்டு சாரத்தில், ராபர்ட் ஓக்ஹாம்டனில், அடுத்த மகன் தாமஸ் வில்டனில். மகள் லூசியைக் கட்டியவர் ஜேம்ஸ் ஸ்டான்ஹோப், 1717இல் அரசாங்கத்தின் தலைமைக்கே போனவர். ஒரு குடும்பம் இப்படி ஒரு சபைக்குள் ஊடுருவி உட்கார்ந்ததைப் பார்த்தால் நம் ஊர் வாசகருக்கு ஆச்சரியமே வராது. அது வேறு கதை.

1709இல் கம்பெனி அவரை நீக்கிவிட்டு கல்ஸ்டன் அடிசன் என்பவரை உட்கார வைத்தது. கட்டுரையாளர் ஜோசப் அடிசனின் தம்பி. பாவம், அவர் பதவியேற்ற ஒரு மாதத்திலேயே இறந்துவிட்டார். பிட் கப்பலேறி 1710இல் ஊர் போய்ச் சேர்ந்த கையோடு, அந்த வருடத் தேர்தலிலேயே மறுபடி ஓல்டு சாரம் உறுப்பினர். பன்னிரண்டு வருடம் ஊரில் இல்லாதவர். அதிலும் அவர் விக் கட்சிக்காரர், அந்தத் தேர்தலோ நாடெங்கும் எதிர்க்கட்சியான டோரிகள் அள்ளிக்கொண்ட தேர்தல். ஆள் இருக்கிற ஊரில்தான் அலை அடிக்கும், புல்மேட்டில் எது அடிக்கும்? அடுத்த வருடம் மேட்டுக்குக் கீழே இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்துக் கோபுரத்தைத் தன் செலவில் எடுத்துக் கட்டினார். கோபுரத்தில் அவர் பெயரும் 1711 என்ற ஆண்டும் பெரிய எழுத்தில் வெட்டியிருக்கின்றன. நான் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். கல்வெட்டில் தன் பெயரைப் பார்க்கிற ஆசை நம் ஆட்களுக்கு மட்டும் உள்ளதில்லை.

1716இல் ஜமைக்காவுக்கு கவர்னர் என்றார்கள், உறுப்பினர் பதவியை விட்டார், ஜமைக்காவுக்குப் போகவே இல்லை, அடுத்த வருடம் அந்தப் பதவியையும் விட்டார். யார்க்‌ஷயரில் தர்ஸ்க் என்ற தொகுதி வழியாகத் திரும்ப உள்ளே வந்தார். 1722இல் மறுபடி தன் மேட்டுக்கே. 1726 ஏப்ரலில் இறந்தபோதும் அவர் ஓல்டு சாரம் உறுப்பினர்தான்.

இனி என் சொந்த வீட்டு விஷயம். நான் திருவொற்றியூர்க்காரி. தேரடிக்குப் பின்னால் எங்கள் தெரு. “1708இல் மொகலாயர் மகிழ்ந்து திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்களை அன்பளிப்பாக அளித்தனர்” என்கிறது பலகை. மகிழ்ந்து என்ற சொல் எங்கிருந்து வந்தது? அதற்கு ஆறு வருடம் முன்னால், 1702இல், அதே மொகலாயரின் தளபதி தாவூத் கான் கோட்டைக்கு வெளியே மாதக்கணக்கில் முற்றுகை போட்டு, உள்ளே அரிசி போகவிடாமல் மறித்து உட்கார்ந்திருந்தார். பணம் கொடுத்துத்தான் எழுப்ப முடிந்தது. அதற்கும் முந்தின வருடம் அவரைச் சமாதானப்படுத்தத் தூது போனவர், இங்கேயே குடியிருந்த வெனிஸ்காரர் மனூச்சி. விருந்து, நாட்டியம், சீமைச் சாராயம் என்று எல்லாம் நடந்தது. கொடுத்துக் கொடுத்து வாங்கிய உறவு அது. ஔரங்கசீப் 1707இல் இறந்து அரியணைக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்ட நேரம் பார்த்து பிட் கேட்டார், தாவூத் கான் எழுதிக் கொடுத்தார். 1711இல், அவருக்குப் பின் வந்தவர்கள் ஊர்களைத் திருப்பிக் கேட்டார்கள். 1717இல் பரூக்சியர் பாதுஷாவின் பர்மான், அதாவது அரசாணை, வந்த பிறகுதான் கம்பெனிக்கு அது உறுதியானது. இதில் அன்பு எங்கே, அளிப்பு எங்கே? சாத்தங்காட்டில் இப்போது இரும்புச் சந்தை, கத்திவாக்கத்தைச் சுற்றி அனல்மின் நிலையப் புகை. சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்த ஊர் எங்களுடையது. அந்த ஊரைத் தாம்பூலத் தட்டில் வைத்து யாரோ யாருக்கோ கொடுத்த மாதிரி எங்கள் பிள்ளைகளே படிக்க வேண்டுமா? இதை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பழைய ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும் ஒரு சொல்லை எடுத்து அப்படியே தமிழில் வைத்துவிட்டார். அந்தச் சொல்லை அங்கே எழுதியவர்கள் வாங்கிக்கொண்ட பக்கத்தில் நின்று எழுதினார்கள் என்பதை மறந்துவிட்டார்.

சாதிச் சண்டையைத் “தீர்த்து வைத்தார்” என்ற வரியைப் பற்றிச் சுருக்கமாக. 1707இல் வலங்கையார், இடங்கையார் என்ற இரண்டு சாதி அணிகளுக்கும் இடையே எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று மூண்டது. பிட் தெருக்களைப் பங்கு பிரித்துக் கல் நட்டார். வலங்கையில் ஒரு பெருங்கூட்டம் வேலையைப் போட்டுவிட்டுச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது, அவர்களைத் திரும்ப அழைத்துவருவதற்குள் கோட்டை திணறிவிட்டது. பெத்துநாயக்கன்பேட்டை ஒருவருக்கு, முத்தியால்பேட்டை இன்னொருவருக்கு என்றானது. அதற்குப் பிறகும் அந்தச் சண்டை பல தடவை வெடித்தது. கல் நட்டதைத் தீர்ப்பு என்று சொல்லலாம், தீர்வு என்று சொல்ல முடியாது.

கடைசியாக, “பிரதமர் வில்லியம் பிட்டின் தந்தை”. தந்தை இல்லை, தாத்தா. மூத்த வில்லியம் பிட் பிறந்தது 1708 நவம்பரில். எங்கள் திருவொற்றியூர் கம்பெனி கைக்குப் போன அதே வருடம். அவர் 1735இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் போனது எந்தத் தொகுதியிலிருந்து என்று நினைக்கிறீர்கள்? ஓல்டு சாரம். தாத்தா வாங்கிப் போட்ட மேடு. அதே மனிதர் 1766இல் சபையில் எழுந்து, இப்படிப்பட்ட தொகுதிகள் நம் அரசியல் அமைப்பின் அழுகிப்போன பகுதி என்றார். அவருடைய மகன் இளைய பிட் 24 வயதில் பிரதமரானார். 1784இல் கிழக்கிந்தியக் கம்பெனியை அரசாங்கத்தின் பிடிக்குள் கொண்டுவந்த சட்டம் அவருடையது. கம்பெனியை ஏய்த்துப் பணம் சேர்த்தவரின் கொள்ளுப்பேரன் கம்பெனிக்கே கடிவாளம் போட்டார். அடுத்த வருடம் 36 அழுகல் தொகுதிகளை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார், தோற்றார். மேட்டுக்கு இரண்டு உறுப்பினர் என்பது அதற்குப் பிறகும் 47 வருடம் ஓடியது. இவ்வளவு நல்ல கதையை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு பல்லிளிக்கும் வைரத்தை வரைந்திருக்கிறீர்கள்.

பிட்டைக் கெட்டவர் என்று எழுதச் சொல்லவில்லை. முற்றுகையில் அவர் அசையாமல் நின்றதும் உண்மைதான், அவர் காலத்தில் நகரத்தின் வியாபாரம் தழைத்ததும் உண்மைதான், அதையும் போடுங்கள். நான் கேட்பவை இவை.

கையேடு அச்சகத்துக்குப் போவதை நிறுத்திவையுங்கள். பதினொன்றாம் பக்கத்தைத் திருத்திய பிறகு அனுப்புங்கள்.

“மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்” என்ற வரியை எடுத்துவிட்டு, 1691இல் ஓல்டு சாரத்தை விலைக்கு வாங்கி அதன் வழியாக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர் என்று போடுங்கள். கார்ட்டூன் வைரத்தின் இடத்தில் அந்த மேட்டின் படத்தைப் போடுங்கள். நான் எடுத்த படங்கள் இருக்கின்றன, காசு வேண்டாம், என் பெயரும் வேண்டாம்.

அடிமையின் கதைக்குப் பின்னால் “என்று ஒரு கதை உண்டு” என்ற நான்கு சொற்களைச் சேருங்கள். ஜாம்சந்தின் பெயரையும் 48,000 வராகனையும் சேருங்கள். விற்றவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

“மகிழ்ந்து”, “அன்பளிப்பாக” இரண்டையும் அடியுங்கள். 1702, 1711, 1717 மூன்று வருடங்களையும் ஒரே வாக்கியத்தில் போட இடமிருக்கிறது, நான் எழுதிப் பார்த்துவிட்டேன். “தீர்த்து வைத்தார்” என்பதைத் “தெருக்களைப் பிரித்துக் கொடுத்தார்” என்று மாற்றுங்கள். “தந்தை”யைத் “தாத்தா” ஆக்குங்கள். இதற்கு யாரும் கமிட்டி போட வேண்டியதில்லை.

மற்ற பலகைகளையும் அச்சுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற இரண்டு பேரிடமாவது படிக்கக் கொடுங்கள். ஓய்வு பெற்ற எங்களை வேண்டாம் என்றால், வேலையில் இருப்பவர்களிடம் கொடுங்கள்.

நோட்டில் நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்துக்குத் தொலைபேசியில் பதில் சொன்னீர்கள். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், கையேடு அச்சுக்குப் போவதற்கு முன்னால்.

திருவொற்றியூரிலிருந்து,
ஓய்வு பெற்ற ஒரு வரலாற்று ஆசிரியை